பாலைக் கொப்பும் குளத்து நீர்மட்டமும்

வைகாசி பிறந்ததும் ஏ-9 வீதியில் மாங்குளத்துக்கு அங்காலும் இங்காலும் பாலைப்பழம் விற்பவர்கள் வந்து குந்திவிடுவார்கள். சுண்டால் அளந்து சொப்பிங் பையில் போட்டுத் தருவார்கள். சின்ன மஞ்சள் பழம், நல்ல இனிப்பு. ஒரு பிடிக்கு மேல் தின்றால் பால் உதட்டில் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

போன முறை நான் வாங்கியபோது, விற்பவரின் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் பழத்தோடு கூடிய கொப்புகள் கட்டாகக் கிடந்தன. இலை இன்னும் வாடவில்லை. காட்டிலும் கடலிலும் இருந்து எடுத்துப் பிழைப்பதைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். அந்தக் கொப்புக் கட்டில் தொடங்கலாம் என்று அப்போது பட்டது. பழத்தை எடுப்பது ஒரு கணக்கு, கொப்பை எடுப்பது வேறு கணக்கு, மரத்தையே எடுப்பது இன்னொரு கணக்கு. பேச்சில் மூன்றையும் ஒரே சாக்கில் போட்டு "காட்டை அழிக்கிறாங்கள்" என்று கட்டிவிடுகிறோம்.

பாலை மெதுவாக வளரும் மரம். அதன் வைரம் தண்ணீரில் தாழும்; ஒருகாலத்தில் ரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டையாகப் போனது. நூறு வருடம் தாண்டி நிற்கும் ஒரு மரம் தன் ஆயுளில் லட்சக்கணக்கில் பழம் தரும். காட்டில் பாலையின் எண்ணிக்கை குறையாமல் இருக்க, அத்தனை லட்சம் விதையில் ஒன்றே ஒன்று பெரிய மரமானால் போதும். மிச்சமெல்லாம் கரடிக்கும் குரங்குக்கும் பறவைக்கும் எங்களுக்கும். ஆகவே ஒரு பருவத்துப் பழத்தை முழுக்கப் பொறுக்கினாலும் பாலைக்குப் பெரிய நட்டமில்லை. கொப்பை வெட்டினால் அது திரும்ப வளர்ந்து காய்க்கும்வரை சில வருடப் பழம் போகும். அடிமரத்தை வெட்டினால் இனி வரவேண்டிய அத்தனை வருடமும் போகும். நீண்ட ஆயுள் உள்ள எந்த இனத்திலும் எண்ணிக்கையைத் தாங்கிப் பிடிப்பது குஞ்சும் விதையும் அல்ல, வளர்ந்தவை சாகாமல் நிற்பதுதான்.

அதற்காகப் பழத்தை எப்போதும் வழித்துத் துடைக்கலாம் என்றும் இல்லை. அமேசன் காட்டில் பிரேசில் கொட்டை பொறுக்குகிறார்கள். மரத்தை யாரும் தொடுவதில்லை, நிலத்தில் விழுந்ததைத்தான் எடுக்கிறார்கள். காட்டுக்குத் தீங்கில்லாத தொழிலுக்கு அதைத்தான் உதாரணம் காட்டுவார்கள். பிரேசில், பெரு, பொலிவியா ஆகிய நாடுகளில் 23 இடங்களைப் பார்த்து 2003-ல் வெளியான ஆய்வு வேறு கதை சொன்னது. பல பத்தாண்டுகளாக விடாமல் பொறுக்கிய இடங்களில் கிழட்டு மரங்கள் கம்பீரமாக நின்றன. அடியில் இளமரம் அநேகமாக இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது செழித்த காடு. உண்மையில் பிள்ளைகள் எல்லாரும் வெளிநாடு போய்விட்ட வீடு. இது எங்கள் ஊர்க்காரருக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய உவமையா என்ன?

சரி, எவ்வளவு எடுக்கலாம்? இதற்கான அடிப்படைக் கணக்கை 1838-ல் பெல்ஜியம் நாட்டு வெர்ஹுல்ஸ்ட் எழுதினார். சூத்திரத்தை விட்டுவிட்டு, வன்னியில் எல்லாருக்கும் தெரிந்த குளத்தை வைத்துப் பார்ப்போம். ஆனால் இது கொஞ்சம் விசித்திரமான குளம். நிஜக் குளத்துக்கு மழை வானத்திலிருந்து வருகிறது. குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று மழை பார்ப்பதில்லை. உயிரினக் குளத்துக்கு வரத்து, ஏற்கனவே உள்ள தண்ணீரில் இருந்துதான் பிறக்கிறது. அடியில் சேறு மட்டும் இருந்தால் வரத்தும் துளிதான், ஏனெனில் பெறுவதற்குத் தாய்கள் இல்லை. குளம் நிரம்பியிருந்தால் வருவதெல்லாம் வான் பாய்ந்து போய்விடும். இரையும் இடமும் போதாமல் பிறப்பும் இறப்பும் சமனாகிவிடும். நடு மட்டத்தில் நிற்கும்போதுதான் வரத்து அதிகம்.

எண்ணில் சொல்வதென்றால், 10,000 மீன் கொள்ளும் குளம் ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். தடையே இல்லாவிட்டால் வருடம் 40 வீதம் பெருகக்கூடிய மீன். 1,000 மீன் இருக்கும்போது வருடத்துக்கு 360 கூடும். 9,000 இருக்கும்போதும் 360தான். 5,000 இருக்கும்போது 1,000 கூடும். அப்படியானால் குளத்தைப் பாதியில் வைத்து வருடாவருடம் 1,000 பிடித்தால் காலகாலத்துக்கும் குறையாது. புத்தகத்தில் இதற்கு அதிகபட்ச நிலையான விளைச்சல் என்று பெயர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உலகத்தின் பெரிய மீன்பிடித் தொழில்கள் பலவற்றை இந்த எண்ணை வைத்துத்தான் நடத்தப் பார்த்தார்கள்.

பிழை எங்கே வருகிறது என்றால், ஒரு வருடம் மழை பொய்த்து எண்ணிக்கை 4,000 ஆகிவிட்டது என்று வையுங்கள். இப்போது கூடுவது 960. நாங்கள் அனுமதிப் பத்திரத்தில் உள்ளபடி 1,000 எடுக்கிறோம். அடுத்த வருடம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. 3,000 ஆனால் 840தான் கூடும், 2,000 ஆனால் 640. எடுப்பது அதே 1,000. சறுக்கு மரத்தில் ஏறினவன் வழுக்கத் தொடங்கியது மாதிரி, இறங்க இறங்க வேகம் கூடும். இதே குளத்தில் "1,000" என்று எழுதாமல் "இருப்பதில் ஐந்தில் ஒன்று" என்று எழுதியிருந்தால், 4,000 இருக்கும் வருடம் 800 எடுப்போம், கூடுவது 960, குளம் தானாக மேலே வரும். மாறாத எண்ணுக்கும் மாறாத பங்குக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். 1977-ல் கனடா நாட்டு மீன்வள அறிஞர் பீற்றர் லார்க்கின் அந்த மாறாத எண்ணுக்குக் கல்லறை வாசகமே எழுதிவிட்டார். ஆனாலும் அது இன்னும் சாகவில்லை.

அதன் விளைவைப் பார்க்க அமேசன் வரை போகத் தேவையில்லை. மன்னார் மாவட்டத்தில் அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி என்று தெற்கே போகிற கரைக்கு வெளியே முத்துப் பார்கள், அதாவது முத்துச்சிப்பி படியும் கடலடித் திட்டுகள், இருக்கின்றன. ஆங்கிலேயர் வந்த கையோடு 1796, 1797, 1798 என்று தொடர்ந்து மூன்று வருடம் முத்துக் குளிக்கவிட்டார்கள். பிறகு பார் வெறித்தது. அந்தச் சூட்டில் அரசாங்கம் பழைய முறைக்கே திரும்பியது. பார்களைப் போய்ப் பார்ப்பது, மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுத்து எண்ணுவது, வயதும் முத்தும் பார்ப்பது, நாலைந்து வயது ஆகியிருந்தால் மட்டும் அந்த வருடம் குளிப்பு என்று அறிவிப்பது. எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று குளிப்பவர்களுக்கு. கவனமான முறைதான். இன்றைய பல மீன்பிடித் தொழில்களில்கூட இவ்வளவு பார்த்துச் செய்வதில்லை.

அப்படிச் செய்தும் 1837-க்குப் பிறகு 17 வருடம் சிப்பி இல்லை. 1891-க்குப் பிறகு 1903 வரை இல்லை. சிப்பிக் குஞ்சு கடலில் மிதந்து திரிந்து பாரில் படிய வேண்டும்; நீரோட்டம் திசை மாறினால் ஆழக்கடலுக்குப் போய்விடும்; படிந்தாலும் மணல் மூடலாம், திருக்கை தின்னலாம். அப்புறம் 1905-ல் வரலாறு காணாத அறுவடை வந்தது. கோடிக்கணக்கில் சிப்பி ஏறியது. மறிச்சுக்கட்டி மணலில் ஒரு தற்காலிக நகரமே எழுந்தது. அந்தக் கொண்டாட்டத்தில் 1906-ல் பார்களை ஒரு லண்டன் கம்பனிக்கு 20 வருடக் குத்தகைக்கு விட்டார்கள். குத்தகைப் பணம் வருடாவருடம் மாறாத தொகை. கடலுக்கு அந்த ஒப்பந்தம் தெரியாது. 1906, 1907 குளிப்புகளுக்குப் பிறகு பார்கள் வெறித்துவிட்டன. தவணை முடிய முன்னமே கம்பனி கலைந்தது. நல்ல வருடத்தைப் பார்த்து எழுதிய ஒப்பந்தம் கெட்ட வருடத்தில் ஆளைத் தின்னும். பாங்கில் கடன் வாங்கி வெங்காயம் நட்டவர்களைக் கேட்டால் தெரியும்.

இனி, கொஞ்சம் சங்கடமான விஷயம். பிடிபடுவது குறையவில்லை என்பதால் இருப்பும் குறையவில்லை என்று நினைப்பது.

ஆவணி, புரட்டாதியில் குளங்கள் வற்றி நடுவில் ஒரு மடு மட்டும் மிஞ்சும். அகன்ற குளத்தில் பரவியிருந்த மீன் எல்லாம் அந்த மடுவுக்குள் வந்துவிடும். ஒரு வீச்சுக்கு வலை நிறைய வரும். "இந்த முறை மீன் நல்லாப் பட்டுது" என்பார்கள். பட்டது, இருப்பதில் முக்கால்வாசி. காட்டு மிருகமும் அப்படித்தான்: கடைசித் தண்ணீருக்கு மானும் மரையும் பன்றியும் வந்தே ஆக வேண்டும். அங்கே பரண் கட்டிக் காத்திருப்பவனுக்குக் காடு நிறைய மிருகம் இருப்பதாகத்தான் தெரியும். கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையில் கொட் மீனும் குறையக் குறைய ஒரே இடத்தில் கூடியது. வலைகள் கடைசிவரை நிறைந்தன. 1992 யூலையில் மீன்பிடியை நிறுத்த வேண்டி வந்தபோது சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. மூடியும் மீன் பல பத்தாண்டுகளுக்குத் திரும்பவில்லை.

விராலின் கதை இன்னும் நுட்பமானது. மழை தொடங்கி வயலும் வாய்க்காலும் நிரம்பும்போது விரால் முட்டையிடும். குஞ்சுகள் சிவந்த திரளாக மேலே வந்து மூச்செடுக்கும். தாயும் தகப்பனும் அடியில் நின்று காவல் காக்கும். தூண்டில்காரனுக்கு அந்தச் சிவப்புத் திரள் விலாசம் எழுதிய தபால் மாதிரி. இரையை அதற்குள் இழுத்தால் காவல் நிற்கும் மீன் கோபத்தில் கவ்வும். பிடிபட்டது ஒரு மீன். அடுத்த அரைமணி நேரத்தில் அந்தத் திரளை மற்ற மீன் துடைத்துவிடும். இதே மீனை இரண்டு மாதம் கழித்துப் பிடித்திருந்தால் கணக்கில் ஒன்றுதான் குறையும்.

நாட்டின் குளங்களில் செவுள் வலையின் கண், இழுத்துப் பிடித்த அளவில் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது என்று விதி இருக்கிறது. 1952-ல் இலங்கைக்குக் கொண்டுவந்த திலாப்பியாவுக்கு அது நல்ல விதி. சின்னது தப்பி ஒரு தடவையாவது முட்டையிட்டுவிடும். வருடம் முழுக்க இனம்பெருகும் மீன் அது. குஞ்சு காக்கிற விராலுக்கு அந்த விதியால் ஒரு பாதுகாப்பும் இல்லை, ஏனென்றால் காவல் நிற்பது பெரிய மீன். அதற்கு வேண்டியது வலைக் கண் அளவு அல்ல, பிடிக்கக்கூடாத மாதம். தேனிலும் இதே வித்தியாசம் உண்டு. மரக்கொப்பில் ஒற்றை வதை கட்டுகிற பெரிய தேனீ, கொப்போடு ஒட்டிய தடித்த மேல்பகுதியில்தான் தேனைச் சேர்க்கும். கீழே புழுவும் முட்டையும். புகை போட்டுத் தேன் உள்ள பகுதியை மட்டும் அறுத்தால் கூட்டம் திரும்பக் கட்டும். பந்தம் கொளுத்தி ஈயை எரித்து வதையோடு இறக்கினால் அடுத்த வருடம் அந்த மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கலாம்.

வேகமாகப் பெருகுவதும் மெதுவாகப் பெருகுவதும் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்பதற்கு முல்லைத்தீவின் நந்திக்கடல் களப்பையும் மன்னார்க் கடலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகிறவர்கள் வட்டுவாகல் பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற இறால், கடலில் முட்டையிடுகிறது. ஒரு தாய் லட்சக்கணக்கில் இடும். குஞ்சு முகத்துவாரத்தால் களப்புக்குள் வந்து சில மாதம் வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போக வேண்டும். ஒரு வருடத்துக்குள் பெரும்பாலும் எல்லாம் முடிந்துவிடும். கடலில் போதிய தாய் இருந்தால், களப்பில் எவ்வளவு பிடித்தாலும் அடுத்த வருடம் நிரம்பும். அங்கே உண்மையான ஆபத்து வேறு: முகத்துவாரம் மூடிக்கிடப்பது, களப்பு தூர்ந்துபோவது, தங்கூசி வலை போட்டுப் பிஞ்சுப் பருவத்து இறாலை அள்ளுவது. இரண்டு மாதம் விட்டால் பல மடங்கு நிறை வைக்கும் இறாலைச் சில்லறைக்கு விற்கிறோம்.

ஆவுளியாவுக்கு வருவோம். கடற்பசு என்று பாடப்புத்தகத்தில் வருவது. 70 வருடம் வாழும். ஒரு வருடத்துக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும். அடுத்த குட்டிக்கு 3 முதல் 7 வருடம். எல்லாம் வாய்த்தாலும் அதன் எண்ணிக்கை வருடத்துக்கு 5 வீதத்துக்கு மேல் கூடாது. 100 ஆவுளியா உள்ள கடலில், யாரும் வேட்டையாடாமல், திருக்கை வலையில் சிக்கி மூச்சுமுட்டி வருடம் ஐந்தாறு செத்தாலே முடிந்தது கதை. அதன் உறவான ஸ்டெல்லர் கடற்பசுவை வடபசுபிக்கில் 1741-ல் கண்டுபிடித்தார்கள். 1768-ல் ஒன்றும் இல்லை. 27 வருடம். "கொஞ்சமாக எடுக்கலாம்" என்ற வார்த்தைக்கே இடமில்லாத இனங்கள் உண்டு. அவற்றைச் சட்டம் முழுதாகத் தடுப்பதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை.

கடலட்டைக்கு இன்னொரு வகைச் சிக்கல். அட்டை நகர்ந்துபோய்த் துணை தேடுவதில்லை. ஆணும் பெண்ணும் இருந்த இடத்திலேயே விந்தையும் முட்டையையும் தண்ணீரில் விடும். பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கருத்தரிக்கும். ஐதாகிவிட்டால், கடலில் அட்டை இருந்தும் குஞ்சு இல்லை. நம்முடைய கற்பனைக் குளத்தில் சேறு மட்டத்துக்கு மேலேயே வரத்து நின்றுவிடுகிற மாதிரி. மேலும், அரிதாக அரிதாக விலை ஏறுகிறது. விலை ஏற ஏறத் தேடிப் போக ஆள் இருக்கிறது. மீனாக இருந்தால் "டீசல் காசு வராது" என்று படகு திரும்பும். அட்டைக்குத் திரும்பாது. இந்தியா 2001-ல் இதைப் பிடிப்பதையே தடை செய்தது. பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் அனுமதிப் பத்திரத்தோடு பிடிக்கலாம். அட்டைக்கு எல்லைக்கோடு தெரியாவிட்டாலும், அதிக தூரம் நகராத பிராணி என்பதால் இரண்டு கரையிலும் இரண்டு கணக்கு ஓரளவு சாத்தியம்தான். கிளிநொச்சிக் கரையில் அட்டைப் பண்ணைகள் வந்தபின் பேச்சு முழுக்கப் பண்ணை யாருக்கு என்பதைப் பற்றியே இருக்கிறது. அதுவும் பேச வேண்டியதுதான். ஆனால் காட்டு அட்டை எந்த அளவு ஐதாகிவிட்டது என்ற பேச்சு அதில் அமுங்கிப்போகிறது.

எடுக்காமல் விட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்ற நம்பிக்கைக்கும் ஒரு கதை சொல்ல வேண்டும். முதலாம் உலகப் போரில் ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடி படுத்துவிட்டது. பியூமே துறைமுகச் சந்தைக்கு வந்த மீனில் சுறா வகை 1914-ல் 12 வீதம். 1918-ல் 36 வீதம். மீன்பிடி திரும்பிய பிறகு 1923-ல் 11 வீதம். டான்கோனா என்ற உயிரியலாளர் இதைக் கணித அறிஞர் வொல்ற்றெராவிடம் கொண்டுபோனார். 1926-ல் விடை வந்தது. வலை நின்றால் இரையைவிட இரை தின்னிக்குத்தான் அதிக இலாபம். யுத்த காலத்தில் கடல் மூடிக்கிடந்த முல்லைத்தீவுக்காரருக்கு, கடலை விடுவதும் கடலில் ஒரு மாற்றம்தான் என்பது புதினமாக இருக்காது.

நான் சொல்ல வந்த விஷயம் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் சிறுபோகத்துக்கு முன் விவசாயிகளும் நீர்ப்பாசனத் திணைக்களமும் கூட்டம் கூடுகிறார்கள். 36 அடிக் குளத்தில் இப்போது எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து, அந்த வருடம் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவெடுத்துப் பங்கு பிரிக்கிறார்கள். சண்டை வரும், குறைப்படுவார்கள், களவாக விதைப்பவரும் உண்டு. ஆனால் "போன வருடம் இவ்வளவு விதைத்தோம், இந்த வருடமும் அவ்வளவுதான்" என்று யாரும் வாதாடுவதில்லை. குளத்தைப் பார்த்தால் வாய் அடைத்துவிடும். லார்க்கினும் மற்றவர்களும் பெரிய பெரிய கட்டுரைகளில் கேட்டது இதைத்தான்: முதலில் மட்டத்தைப் பார், பிறகு பங்கைச் சொல், அடுத்த வருடம் திரும்பவும் பார்.

இறாலுக்கும் பாலைக்கும் தேனுக்கும் அளவுகோல் நட்ட குளக்கட்டு இல்லை என்பது உண்மை. ஆனால் மட்டத்தைக் காட்டுகிற அடையாளங்கள் இருக்கின்றன, எடுப்பவர்களின் கண்ணிலேயே இருக்கின்றன. ஒரே வலையில் வருகிற மீனின் நீளம் வருடாவருடம் சுருங்குகிறதா? ஒரு போத்தல் தேனுக்கு எத்தனை கட்டை நடக்க வேண்டியிருக்கிறது? பாலைக்கு அடியில் முழங்கால் உயரக் கன்று நிற்கிறதா? பிடித்த கிலோவைவிட, பிடிக்கச் செலவான நேரம்தான் உண்மை பேசும். கொப்பியில் எழுதிவைக்க ஒரு ஆள் போதும்.

அரசாங்கத்தின் முறை பெரும்பாலும் கோடு கீறுவது. சுண்டிக்குளம் 1938-ல் சரணாலயம், 2015-ல் தேசிய பூங்கா. மூடிய இடம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். எங்கள் கணக்கு பிழைத்தாலும் மிஞ்சுவதற்கு ஒரு மூலை வேண்டும், அங்கிருந்துதான் வெளியே பரவும். ஆனால் கோடு இடத்தைத்தான் சொல்லும், மாதத்தைச் சொல்லாது, எந்த மீன் என்று சொல்லாது. தலைமுறையாகத் தேன் எடுத்தவர் ஒரே இரவில் குற்றவாளி ஆகும்போது அவர் கண்ணில் இருந்த அளவுகோலும் கோட்டுக்கு வெளியே போய்விடுகிறது. அதன்பிறகு அவர் போவது இரவில், அவசரத்தில், பந்தத்தோடு.

இந்த முறை மாங்குளத்தில் இறங்கியபோது விற்கிற தம்பியிடம் கேட்டேன், பழத்தை உலுப்பி எடுக்கலாமே, கொப்பை ஏன் வெட்டுகிறீர்கள் என்று. சுண்டில் பழத்தைக் குவித்துக்கொண்டே சொன்னான்: "உலுப்பினா நசிஞ்சு போம் அண்ணை. நசிஞ்சதை ஆர் வாங்குவினம், நீங்கள் வாங்குவீங்களோ?"

நான் பையைத் திறந்து பார்த்தேன். நசியாத பழமாகத்தான் பொறுக்கிப் போட்டிருந்தான்.